பதில் மணி வரும்வரை

ராஜரத்தினத்தின் விரல் சுவரில் இருந்த சுவிட்சின் மேல் இருந்தது. இன்னும் அமுக்கவில்லை. ஆனால் அமுக்குவதென்று முடிவுசெய்துவிட்ட விரல் அது.

"மாமா, அதைத் தொடாதீங்க" என்றாள் ரஞ்சனி, வாசலில் நின்றபடியே. கையிலிருந்த குடையைக்கூட அவள் இன்னும் மடக்கவில்லை.

தாயகம் திரும்பியோர் சங்கத்தின் செயலாளர் ராஜரத்தினம். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தவர். யார் சொல்லியும் வைத்த கையை எடுத்துப் பழக்கமில்லாதவர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடுத்தார். பயந்து போயிருந்தார், அதுதான் காரணம்.

பயப்பட வேண்டிய விஷயம்தான். மறுநாள் திங்கட்கிழமை கோத்தகிரியில் சான்றிதழ் முகாம். நூற்று நாற்பது குடும்பங்கள் மனுக் கொடுத்திருந்தன. இன்னார் இலங்கையிலிருந்து திரும்பியவர் என்பதற்கு ஒரே ஆதாரம், மண்டபத்தில் அன்றைக்குக் கொடுத்த குடும்ப அட்டை. மஞ்சளேறி, மடித்த இடமெல்லாம் கிழிந்து, பூச்சி தின்று, அது ஒவ்வொரு வீட்டிலும் செத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்பு, எண்ணூற்று நாற்பது குடும்பங்களின் அட்டைகளையும் வாங்கி ஸ்கேன் எடுத்து, சங்க ஆபீசில் ஒரு டிஸ்க்கில் சேர்த்து வைத்தார் ராஜரத்தினம். அதிகாரிகளும் சங்க முத்திரை போட்ட நகலை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அது அவருடைய வாழ்நாள் சாதனை. நாலு பேர் கூடும் இடத்தில் அதைப் பற்றிப் பேசாமல் அவர் வீடு திரும்பியதில்லை.

அந்த டிஸ்க்தான் இப்போது பதில் சொல்லாமல் கிடந்தது.

காலையில் ஆறு மணிக்கே வந்து, மறுநாள் முகாமுக்கு வேண்டிய நூற்று நாற்பது அட்டைகளையும் 'திங்கள் முகாம்' என்று புதிதாக ஒரு கோப்புறை போட்டு அதற்குள் நகர்த்தத் தொடங்கியிருந்தார். பாதி வழியில் கம்ப்யூட்டர் உறைந்துபோனது. பழைய இடத்தைத் திறந்தால் பாதி இல்லை. புதிய இடத்தைத் திறந்தால் திறக்கவே இல்லை. அதன் பிறகுதான் குன்னூருக்குப் போன் போட்டார்.

ரஞ்சனி யார் என்று சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஒரு பேக்கரியின் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். முப்பத்தேழு வயது. ஊட்டியில் டிப்ளமோ படித்தாள். அதற்கு மேல் படிக்க வீட்டில் வழியில்லை. கணவன் திருப்பூருக்குப் போனவன், அங்கேயே இருந்துவிட்டான். அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. நாமும் பேச வேண்டாம். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து போட்டோவையும் பத்திரத்தையும் மீட்டுக் கொடுப்பதில் அந்த மலையில் அவளை விட்டால் ஆளில்லை என்று ஹாஸ்டல் வார்டன்களும் ஜீப் டிரைவர்களும் சொல்வார்கள். அதைக் கேட்டால் ரஞ்சனி தலையைக் குனிந்துகொள்வாள். குனிந்த முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும்.

ஈரக் குடையை மூலையில் சாத்திவிட்டு, கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும் பதிவைத் திறந்தாள். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்திருந்தது. டிஸ்க்குக்கு 'இதை எழுது' என்று கட்டளை போயிருக்கிறது. முப்பது நொடி காத்திருந்தும் பதில் இல்லை. கம்ப்யூட்டர் பொறுமையிழந்து, 'அந்தக் கட்டளையை ரத்து செய்' என்று சொல்லியிருக்கிறது. அதற்கும் பதில் இல்லை. இப்படிப் பதினேழு கட்டளைகள். கடைசியில் கம்ப்யூட்டரே மிரண்டுபோய், இனி இந்த டிஸ்க்கில் எதையும் எழுத மாட்டேன், படிக்க மட்டுமே செய்வேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அந்த மட்டிலும் அது புத்திசாலி என்று ரஞ்சனி நினைத்துக்கொண்டாள்.

"டிஸ்க் எங்கே இருக்கு மாமா?"

அந்த நெருக்கடியிலும் ராஜரத்தினத்தின் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. "பத்திரமா வச்சிருக்கேன் பிள்ளை. என் சர்ட்டிபிகேட்டைக் கூட அப்பிடி வச்சதில்ல" என்று மூலையில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து அனல் அடித்தது.

மலையில் வாழ்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனி தொடங்கி மார்கழி வரை எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூக்கும். பெல்ட்டில், செருப்பில், பட்டுப் புடவையில், கல்யாண ஆல்பத்தில். அதனால் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரிய விடுவது அங்கே வழக்கம். பல்பின் சூட்டில் ஈரம் அண்டாது. ராஜரத்தினமும் அப்படித்தான், சங்கத்தின் பொக்கிஷம் பூஞ்சணம் பிடித்துவிடக் கூடாதே என்று, டிஸ்க்கைப் பீரோவுக்குள் வைத்து, பின்பக்கம் ஓட்டை போட்டு வயரை வெளியே விட்டு, தலைக்கு மேல் பல்பு எரிய விட்டிருந்தார். அந்த வாரம் விடாத மழை. நாற்பது வாட் போதாது என்று வெள்ளிக்கிழமை நூறு வாட் மாற்றியிருக்கிறார். குளிருமே என்று சுற்றி ஒரு கம்பளித் துண்டு வேறு.

பிள்ளைக்குக் காய்ச்சல் வரக் கூடாதென்று அடுப்படியிலேயே படுக்கவைத்த தாயைப் போல. ரஞ்சனிக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை.

டிஸ்க் சாகவில்லை. கொதித்துப்போய், சொன்னதைச் செய்ய நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ஆனால் பல்பு, டிஸ்க், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் ஒரே சுவிட்ச். அதை அணைத்தால் மூன்றும் அணையும். அவள் சுடிதார் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு, எரிகிற பல்பைத் திருகிக் கழற்றினாள். துணியைத் தாண்டியும் விரல் நுனி சுட்டது. கம்பளியை உருவினாள். பீரோவின் இரண்டு கதவுகளையும் விரித்து வைத்தாள். ஜன்னலைத் திறக்கப்போன ராஜரத்தினத்தை, மூடுபனி நேராக உள்ளே வந்தால் சூட்டில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்று தடுத்தாள்.

அதற்குள் அவர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த டிஸ்க்கை அமைத்துக் கொடுத்த ரவிச்சந்திரன், ஸ்பீக்கரில் வந்தான். விஷயத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே அவனிடம் தீர்வு இருந்தது.

"ஏனுங்க மேடம், ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. வந்ததும் ரிப்பேர் போடுங்க. அது என்ன கேட்டாலும் எஸ், எஸ்னு குடுத்துட்டே போங்க. பத்து நிமிஷத்து வேலைங்க."

"பதினேழு கட்டளை பாதியில நிக்குதுங்க" என்றாள் ரஞ்சனி.

"அதெல்லாம் ரத்துன்னு வந்துருச்சுல்லங்க? அப்புறம் என்னங்க பிரச்சனை?"

"ரத்துன்னு நாம சொல்லியிருக்கோமுங்க. சரின்னு டிஸ்க் சொல்லலீங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "ரெண்டும் ஒண்ணுதானுங்க மேடம்."

இரண்டும் ஒன்றில்லை என்பதை ரஞ்சனி எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொண்டவள் அல்ல. ஒன்பது வயதில், வெண்சோலை எஸ்டேட்டின் மேல் மலையில், தன் அப்பாவின் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள்.

அப்போது அந்த எஸ்டேட்டில் கொழுந்து மூட்டைகளை மேல் மலையிலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டிப் பாக்டரிக்கு இறக்க ஒரு கம்பிவடம் இருந்தது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவில் ஓடும் வடத்தில் கொக்கிகள். மேலே மூட்டை மாட்டுகிற வேலை ரஞ்சனியின் அப்பா விஜயனுக்கு. பேச்சு எட்டாத தூரம் என்பதால் மணிக்கயிறு கட்டியிருந்தார்கள். ரெண்டு அடி அடித்தால் 'மூட்டை வருகிறது'. மூணு அடி அடித்தால் 'நிறுத்து'. நிறுத்தச் சொல்லி மேலே மூணு அடித்தால், கீழே உள்ளவன் வடத்தை நிறுத்திவிட்டுத் திருப்பி மூணு அடிக்க வேண்டும். அந்தப் பதில் மணி காதில் விழும்வரை வடத்தின் பக்கம் ஒருவரும் கையை நீட்டக் கூடாது. அது அங்கே சட்டம்.

ஒரு கார்த்திகை மாதம், எதிரில் நிற்பவன் முகம் தெரியாத மூடுபனி. ஒரு மூட்டையின் கட்டு அவிழ்ந்திருந்தது. நிறுத்தச் சொல்லி மூணு அடி அடித்தார்கள். பதில் வரவில்லை. மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்தார். அடித்தாயிற்று, நின்றிருக்கும், கொக்கியைப் பிடி என்று விஜயனிடம் சொல்லிவிட்டார். வடம் நின்றிருக்கவில்லை. பனிக்குள் அது மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. விஜயனின் வலது கையில் மூன்று விரல்கள் அன்றைக்குச் சக்கரத்தோடு போயின.

கம்பிவடத்தை எடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கை மட்டும் வீட்டில் இருக்கிறது. மீதமிருக்கும் இரண்டு விரலால் அவர் சோறு பிசைந்து உண்பதைப் பார்த்து வளர்ந்த பெண் ரஞ்சனி.

"இருங்க மாமா, அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, ரவிச்சந்திரனின் அழைப்பை ராஜரத்தினமே முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். முதலில் ஒரு காரியம் செய்தாள். முப்பது நொடிதான் காத்திருப்பேன் என்ற கம்ப்யூட்டரின் அவசரத்தை மூன்று நிமிஷமாக மாற்றினாள். களைத்துப்போனவனை விரட்டினால் அவன் சொல்ல வந்த பதிலும் தொண்டையில் நின்றுவிடும் அல்லவா. பிறகு, எழுதும் வேலையைச் செய்யக்கூடிய எல்லா நிரல்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். புதிதாக ஒரு கட்டளையும் போகக் கூடாது. பழையவை என்ன ஆயின என்று தெரியும்வரை ஒன்றுகூட.

அப்போதுதான் மருதாம்பாள் படியேறி வந்தாள்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். ஞாயிறு லீவு. கருப்பு ஸ்வெட்டரின் மேல் சாக்குத் துணியைப் போர்த்தி, நனைந்த கால்களை வாசலில் தட்டிவிட்டு நின்றாள். போன வருஷ ஐப்பசி மழையில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசையில் கடைசி மூன்று வீடுகள் மண்ணோடு சரிந்தபோது, அவள் வீடும் போனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரங்குப் பெட்டி போனது. பெட்டிக்குள் இருந்த குடும்ப அட்டை போனது. மகள் ஸ்ரீமதிக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழ் கொடுக்க வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். சான்றிதழுக்கு அட்டை வேண்டும். அந்த அட்டை இந்த உலகத்தில் இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

"நாளைக்கு நகல் வாங்கிக்கச் சொன்னாங்க. இன்னைக்கே வாங்கிட்டா நிம்மதியா இருக்குமேன்னு வந்தேன்" என்றவள், இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள். "எங்க அட்டை இருக்குல்ல, ரஞ்சனி?"

இருக்கிறது என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னாலும் பொய். ரஞ்சனி உண்மையைச் சொன்னாள்.

"தெரியலக்கா. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன். உட்காருங்க."

மருதாம்பாள் நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தாள். ராஜரத்தினத்தால் அதைத் தாங்க முடியவில்லை. கோயம்புத்தூர்க்காரன் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை என்கிறான், நீ என்னடாவென்றால் டிஸ்க் ஆறட்டும் காயட்டும் என்று வேடிக்கை பார்க்கிறாய் என்று பொரிந்தார். அவன் பெரிய கம்பெனிக்காரன், நீ பேக்கரி மாடிக்காரி என்பதுவரை சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது.

ரஞ்சனி கோபப்படவில்லை. திரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"மாமா, எங்கப்பா கையை நீங்க பார்த்திருக்கீங்கல்ல?"

அந்தக் காலத்தில் விஜயனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர்.

"அதே வேலைதான் இது. மூணு அடி அடிச்சாச்சு. பதில் மணி வரல. கையை நீட்டச் சொல்றீங்களா?"

ராஜரத்தினம் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தானும் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

இருபது நிமிஷம் ஆயிற்று. பீரோவின் சூடு தணிந்து, கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. திரையில் ஒரு வரி ஓடியது. முதல் பதில். அப்புறம் இரண்டாவது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு மடமடவென்று நான்கு. ராஜரத்தினம் விரலை மடக்கி எண்ணினார். பதினாறு வந்தது. பதினேழாவது வரவில்லை.

மூன்று நிமிஷம் காத்திருந்தாள். இன்னொரு மூன்று நிமிஷம். அந்த அறையில் மழைச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

வராது என்று தெரிந்ததும், மின்சாரத்தைத் துண்டிக்காமலே டிஸ்க்குக்கு ஒரு மீட்டமைப்புக் கட்டளை கொடுத்தாள். கையில் வைத்திருக்கும் பழைய வேலை எல்லாவற்றையும் விட்டுவிடு, விட்டதும் விட்டேன் என்று சொல் என்பதுதான் அதன் பொருள். சில நொடிகளில் டிஸ்க் பதில் சொன்னது. இதோ இருக்கிறேன், பழைய கட்டளை எதுவும் இனி என்னிடம் இல்லை.

இனி எந்தப் பழைய கட்டளையும் திடீரென்று விழித்துக்கொண்டு எதன் மேலும் எழுதாது. வடம் நின்றுவிட்டது. இப்போது கையை நீட்டலாம்.

ஒரு காகிதத்தில் பதினேழாவது கட்டளையின் எண்ணை எழுதி, பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதினாள். எழுதப்பட்டது என்றும் எழுதவில்லை, எழுதப்படவில்லை என்றும் எழுதவில்லை. ராஜரத்தினம் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்து, இதென்ன கணக்கு என்று முணுமுணுத்தார்.

அப்புறம் முறைப்படி எல்லாவற்றையும் மூடி, டிஸ்க்கைக் கழற்றி, தன் பையிலிருந்த புதிய டிஸ்க் ஒன்றுக்கு அப்படியே நகலெடுக்கப் போட்டாள். பழைய டிஸ்க்கில் ஒரு புள்ளிகூட எழுத முடியாதபடி பூட்டிவிட்டுத்தான் தொடங்கினாள். ஐந்து மணி நேரம் ஆகும் என்று சொன்னபோது ராஜரத்தினம் முனகினாலும், தானே இறங்கிப்போய் மூன்று டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு.

டீயைக் குடித்துக்கொண்டே மருதாம்பாள் கேட்டாள், ரிப்பேரை நேராக இதிலேயே பார்த்தால் என்ன, இவ்வளவு பயம் எதற்கு என்று. ரஞ்சனி ரேகாவின் கதையைச் சொன்னாள்.

கடை திறந்த இரண்டாவது வருஷம். ரேகா என்ற பெண்ணின் கல்யாண போட்டோக்கள் இருந்த டிஸ்க் ஒன்று வந்தது. அதிலும் இப்படித்தான், ரத்து, ரத்து என்று வரிகள். ரத்தானால் எழுதப்படவில்லை என்றுதானே அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு, ரஞ்சனி அந்த டிஸ்க்கின் மேலேயே ரிப்பேரை ஓடவிட்டாள். பாதி எழுதியிருந்ததை முழுக்க எழுதாததாக நினைத்து ரிப்பேர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. ஒரு படம் மிஞ்சவில்லை. கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் ரேகாவின் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார் என்பது ரஞ்சனிக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்து நின்ற கடைசிப் படங்கள் அவை.

டிஸ்க் முன்னமே கெட்டிருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ரஞ்சனி குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பஸ் ஏறி, ரேகாவின் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னாள். ரேகா திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தக் கதவுச் சத்தம் ரஞ்சனியின் காதில் இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அப்பா இரண்டு விரலால் சோறு பிசைவதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பதில் மணி வராமல் கையை நீட்டியது இந்த முறை தான்தான் என்று. அதிலிருந்து அவளிடம் வரும் எந்த டிஸ்க்கிலும் அவள் நேராகக் கை வைத்ததில்லை.

மருதாம்பாள் ரஞ்சனியின் சுட்டுப்போன விரல் நுனிகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் பங்கில் மீந்திருந்த வர்க்கியை அவள் தட்டில் வைத்தாள்.

மதியம் இரண்டரைக்கு நகல் முடிந்தது. பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்துவிட்டு, நகலின் மேல் ரிப்பேரை ஓட்டினாள். அதுவும், என்ன செய்வாய் என்று சொல்ல மட்டும் செய், எதையும் தொடாதே என்ற நிபந்தனையோடு. வந்த பதிலை இரண்டு முறை படித்தாள். 'திங்கள் முகாம்' கோப்புறை அரைகுறையாக இருக்கிறது, அதைத் துடைத்துவிடவா என்று கேட்டிருந்தது ரிப்பேர். எஸ் கொடுத்துக்கொண்டே போயிருந்தால் அதற்கும் எஸ்தான். கொதிக்கிற டிஸ்க்கில் ஓட்டியிருந்தால் அதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்திருக்கும். முன்குறிப்பு நோட்டைப் படிக்க முடியவில்லை, தூக்கிப் போட்டுவிடவா என்று.

அந்த முன்குறிப்பு நோட்டுதான் இப்போது அவளுக்குத் துணை. எதையும் மாற்றுவதற்கு முன்னால், இன்னதைச் செய்யப்போகிறேன் என்று கம்ப்யூட்டர் டிஸ்க்கின் ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டுத்தான் செய்யும். ஆறிப்போன டிஸ்க்கிலிருந்து அந்த மூலையும் சேதமில்லாமல் நகலாகி வந்திருந்தது. அவள் அந்த நோட்டில் உள்ளபடி, பாதியில் நின்ற வேலைகளை நகலில் முடிக்கச் சொன்னாள். பிறகு 'திங்கள் முகாம்' கோப்புறையைத் திறந்தாள்.

திறந்தது. வரிசையாக அட்டைகள். கோடு போட்ட பழுப்புத் தாள்கள், கறுப்பு வெள்ளைக் குடும்பப் படங்கள், கைக்குழந்தைகள், முக்காடு போட்ட பெண்கள், கப்பல் களைப்போடு கேமராவைப் பார்க்கும் கண்கள்.

ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குடும்பமும் அதில் இருந்தது. அரைக்கால் சட்டை போட்ட பையனாக அவர்.

ரஞ்சனி எண்ணிக்கையைப் பார்த்தாள். நூற்று முப்பத்தொன்பது.

மருதாம்பாளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும். "என்னோடதுதானே இல்ல?" என்றாள். குரலில் அழுகைகூட இல்லை. போகிறது என்றால் தன்னுடையதுதான் முதலில் போகும் என்று பழகிப்போன குரல்.

ஆமாம், அவளுடையதுதான். ராஜரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ரஞ்சனி மேசையிலிருந்த காகிதத்தை எடுத்தாள். பதினேழாவது கட்டளை, தெரியாது. எழுதியிருந்தால் புதிய இடத்தில் இருக்கும். எழுதவில்லை என்றால் அந்த அட்டை இன்னும் நகரவே இல்லை. நகரவில்லை என்றால் பழைய இடத்தில் பழையபடியே இருக்க வேண்டும். எழுதியாயிற்று என்று அடித்துச் சொல்பவர்கள் புதிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, பழையதைக் காலி என்று அழித்திருப்பார்கள். தெரியாது என்று எழுதியவள் இரண்டு இடத்தையும் பார்த்தாள்.

காலையில் பாதி காலியாகத் தெரிந்த பழைய கோப்புறையைத் திறந்தாள். கீழே இறங்கினாள். இன்னும் கீழே.

ஒரு படம் திரையில் விரிந்தது. ஒரு அப்பன், ஒரு ஆத்தா, நடுவில் பாவாடை நுனியை வாயில் கடித்துக்கொண்டு நிற்கும் நாலு வயதுப் பெண். அந்தப் பெண்தான் இப்போது சாக்குத் துணியோடு அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மருதாம்பாள் திரைக்கு அருகே வந்தாள். தொடப்போன கையை இழுத்துக்கொண்டு, தொடலாமா என்பதுபோல் ரஞ்சனியைப் பார்த்தாள்.

"இப்ப தொடலாம்க்கா" என்றாள் ரஞ்சனி.

மறுநாள் முகாமில் கூட்டம் மண்டபம் கொள்ளவில்லை. நூற்று நாற்பது நகல்களையும் ராஜரத்தினம் வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றிலும் சங்க முத்திரை குத்தி எடுத்து வந்திருந்தார். எல்லோரும் எதிர்பார்த்தபடி மைக்கையும் பிடித்தார். ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைப் பேசினார். இந்தச் சங்கத்தின் பொக்கிஷத்தைக் கெடுக்க இருந்தவன் நான்தான், காப்பாற்றியது ஒரு பிள்ளை என்றார். யார் அது என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"நம்ம வெண்சோலை விஜயன் மக. மேல் மலைக் கம்பி விஜயன் இருக்கான்ல, அவன் மக."

ஸ்ரீமதியின் மனு முப்பத்திரண்டாவது. அதிகாரி அம்மாள் நகலைப் பார்த்தார், படத்தில் இருந்த நாலு வயதுக் குழந்தையைப் பார்த்தார், எதிரில் நின்ற மருதாம்பாளைப் பார்த்தார். பாவாடையைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறது நீங்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழை வாங்கிய ஸ்ரீமதி, அம்மாவிடம் கொடுக்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதலில் ரஞ்சனியிடம் காட்டினாள். ரஞ்சனி வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு மட்டும் இந்த முறை குனிந்த முகத்தில் அடங்கவில்லை.

கடைசி வரிசையில் விஜயன் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. கூட்டத்தில் எப்போதும் வலது கையைச் சால்வைக்குள் வைத்துக்கொள்கிற மனிதர். மைக்கில் தன் பெயரைக் கேட்டதிலிருந்து அந்தக் கை வெளியேதான் இருந்தது. யாரும் பார்க்கட்டும் என்பதுபோல் முழங்காலின் மேல் வைத்திருந்தார்.

ரஞ்சனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டிஸ்க், கட்டளை, கோப்புறை எதுவும் அவருக்குத் தெரியாது. என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பதில் மணி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுப்பா. வந்த பொறவுதான் கை வச்சேன்."

விஜயன் தலையை ஆட்டினார். பிறகு, அந்த இரண்டு விரல்களால், மகளின் சுட்டுப்போன விரல் நுனிகளைப் பிடித்துக்கொண்டார். முகாம் முடியும்வரை விடவில்லை.